கேட்டு வாங்கிய பிள்ளை

என் மனைவி லெசியேலி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அவளுடைய தம்பிகள் எழுந்து வெளியே போய்விடுவார்கள். தம்பிகளின் மனைவிமார் நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்காருவார்கள். சமைத்ததில் முதல் தட்டு அவளுக்கு. பிள்ளை பிறந்தால் பெயர் வைப்பது அவள். யாராவது செத்தால், சீராக வந்த பாய்களில் நல்ல பாய் அவளுக்கு. டோங்காவில் பிறந்து ஆக்லாந்தில் பிழைக்கிற எங்கள் ஆட்களிடம் இதற்கெல்லாம் காரணம் கேட்டால் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். அவள் அத்தை.

நான் அந்த அத்தையைக் கட்டியவன். அதாவது வண்டி ஓட்டுகிறவன். பெயர் இனோக்கே, வேலை விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுவது. மனைவி வீட்டுக் கூட்டம் என்றால் நான் வெளியே அடுப்புப் பக்கம் பன்றியைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். அந்தக் குடும்பத்தில் எனக்கு மரியாதையும் கிடையாது, பொறுப்பும் கிடையாது. அதனால் பார்த்ததைப் பார்த்தபடி சொல்ல எனக்குப் பயமில்லை.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. லெசியேலி அதற்காக அழுது நான் பார்த்ததில்லை. ஒருநாள் விமானம் ஏறி டோங்காவின் வவாவு தீவில் இருந்த தன் கடைசித் தம்பி ஹாலோட்டியின் வீட்டுக்குப் போனாள். அவன் மனைவி சூலியேட்டி அப்போது முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள். வயது இருபதுகூட இல்லை. லெசியேலி அந்த வயிற்றைப் பார்த்து, "இது எனக்கு" என்றாள். பேச்சு அவ்வளவுதான். பிள்ளை பால் மறந்ததும் என் மனைவி தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் ஊரில் இது ஒன்றும் அநியாயம் இல்லை. அத்தைக்கு அந்த உரிமை உண்டு. பிள்ளையைக் கொடுத்த வீட்டுக்கும் பெருமைதான் என்பார்கள். சூலியேட்டிக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று யாரும் அவளைக் கேட்கவில்லை.

அந்தப் பிள்ளைதான் எங்கள் லாதாய். ஏழு வயது ஆகிறது. என்னை அப்பா என்பாள். பெற்றவனை மாமா என்பாள், பெற்றவளை அத்தை என்பாள். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அத்தையின் பிள்ளை என்பதால் லாதாய் பெற்ற வீட்டுக்கே மேலானவள் ஆகிவிட்டாள். மாமன் வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்காமல் எடுக்கலாம். யாரும் தடுக்கக் கூடாது. இதற்கு எங்கள் பேச்சில் ஃபாஹு என்று பெயர். ஹாலோட்டி குடும்பமும் ஆக்லாந்துக்குப் பிழைக்க வந்து எங்களுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியேறிய பிறகு, லாதாய் அந்த வீட்டுக்குள் புயல் மாதிரி நுழைவாள். ஐஸ் கிரீம் டப்பா, டிவி ரிமோட், சூலியேட்டியின் நகப்பூச்சு, எல்லாம் அவள் வைத்ததுதான் சட்டம். சூலியேட்டி சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பாள். கொடுத்துவிட்டு அந்தப் பிள்ளை தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டு நிற்பாள்.

லாதாய்க்குப் பிறகு சூலியேட்டிக்கு ஒன்றும் தங்கவில்லை. போன வருடம்தான் தாவாகே பிறந்தான். நல்ல கொழுகொழு பையன். பெயர் வைத்தது வேறு யார்?

பிறந்த குழந்தைக்கெல்லாம் குதிகாலில் குத்தி ரத்தம் எடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம். அந்த வாரமே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. பையனுக்கு நோயை எதிர்க்கிற அணுக்கள் உடம்பில் இல்லவே இல்லையாம். பார்க்க ஒரு குறையும் தெரியாது. ஆனால் நமக்கு மூக்கு ஒழுகிப் போகிற சளி அவனைக் கொன்றுவிடும். பரம்பரையாக வருவது, அம்மா வழியாக ஆண்பிள்ளைக்கு இறங்குவது என்று டாக்டர் சொன்னபோது சூலியேட்டி தலை கவிழ்ந்தாள். அவள் தம்பிகள் இரண்டு பேர் வவாவுவில் பல் முளைக்கும் முன்னே போனவர்கள். பேய் அடித்துவிட்டது என்று அப்போது பேசிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் ஓர் அடைத்த அறைக்குள். வடிகட்டின காற்று, கைகழுவி, மேலங்கி போட்டு, ஒவ்வொருவராகத்தான் உள்ளே போகலாம். டாக்டர் பெயர் ரோவெனா. உயரமான, வெடுக்கென்று பேசுகிற, நல்ல பெண்மணி. அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையிலிருந்து மூல அணுக்களை எடுத்து இவனுக்கு ஏற்றினால், அவை உள்ளே போய் வேர் பிடித்து, இவனுக்கில்லாத காவல் அணுக்களை உண்டாக்கும். ஆனால் பொருந்த வேண்டும். அப்பா அம்மாவுடையது பாதிதான் பொருந்தும், செய்யலாம், ஆபத்து கூடுதல். உலகம் பூராவும் கொடுக்க முன்வந்தவர்களின் பட்டியலில் தேடலாம், ஆனால் எங்கள் தீவுக்காரர்கள் அதில் அபூர்வம்.

"இருக்கிறதுலயே நல்லது கூடப்பிறந்தவங்கதான்" என்றார். "அண்ணன், அக்கா யாராச்சும் இருந்தா கூட்டிட்டு வாங்க."

ஹாலோட்டி முகம் மலர்ந்தான். "நெறைய இருக்காங்க டாக்டர்!"

அடுத்த சனிக்கிழமை மூன்று வேன் வந்து நின்றது. அதில் ஒன்று என்னுடையது. எங்கள் பேச்சில் மாமன் பிள்ளை, சித்தப்பன் பிள்ளை என்ற பிரிவே கிடையாது. எல்லாரும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைதான். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளக் கூடத்தில் பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாட, பெரியவர்கள் டப்பா டப்பாவாகச் சேப்பங்கிழங்கைத் திறந்து வைத்தார்கள். ரக்பி ஆடுகிற ஒரு தடியன் சட்டையைக் கழற்றிக்கொண்டு, "எங்க குத்தணும்? குத்துங்க" என்று நின்றான்.

டாக்டர் ரோவெனா வந்து பார்த்து அசந்துபோனார். "இத்தனை பேரும் தாவாகேயோட அண்ணன் அக்காவா?"

"ஆமா" என்றார்கள் எல்லாரும்.

"தப்பு என்மேலதான்" என்று அவர் சிரித்துவிட்டார். "நான் சரியாக் கேக்கல. இதே அம்மா வயித்துல, இதே அப்பாவுக்குப் பொறந்தவங்க. அப்படி யாராவது?"

கூடம் அடங்கியது. லாதாய் அந்தப் பக்கம் காசு போட்டால் மிட்டாய் தரும் இயந்திரத்தை ஓங்கி ஓங்கி உதைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. அத்தனை பேரும் கூரையைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள், கிழங்கைப் பார்த்தார்கள். ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. சூலியேட்டி மேலே அறையிலிருந்து இறங்கி வந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி நாற்காலியில் இருந்தாள்.

"எங்க வீட்ல இவன்தான் முதல்" என்றாள் சூலியேட்டி மெதுவாக.

பொய் இல்லை. டாக்டர் வயிற்றைக் கேட்டார், அவள் வீட்டைச் சொன்னாள். கொடுத்த பிள்ளையை என் பிள்ளை என்று அத்தைக்கு முன்னால் சொல்வது, கொடுத்ததைப் பிடுங்குவது. அதைவிடப் பெரிய மானக்கேடு எங்கள் ஆட்களுக்குக் கிடையாது. மேலே இருப்பவர்களிடம் கீழே இருப்பவர்கள் எதையும் கேட்கவும் கூடாது. மேலே இருப்பவர்கள் எடுப்பார்கள். நாமாகத்தான் கொடுக்கலாம். லெசியேலி வாயைத் திறக்காமல் யாரும் திறக்க முடியாது. லெசியேலி திறக்கவில்லை. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் பெருமூச்சு விட்டு, "சரி, பட்டியல்ல தேடுவோம்" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து அவள் கிழங்குத் தோலைச் சீவிக்கொண்டிருந்தபோது நான் சமையலறைக்குப் போனேன். லாதாய் கொல்லையில் பந்து அடித்துக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கேட்டது காதுல விழுந்துச்சா?"

"எனக்கென்ன செவிடா?"

"அப்ப சொல்லியிருக்கலாமுல்ல."

"பெத்தவங்க வாயில என்ன கொழுக்கட்டையா? கேக்க வேண்டியதுதானே."

"ஒன்கிட்டயா? ஒரு சோப்புக்கட்டி கேட்டிருக்காங்களா இதுவரைக்கும்? நீ எடுப்ப, அவங்க குடுப்பாங்க. ஒங்க வீட்டுச் சட்டமே அதானடி."

"வாய மூடுய்யா. வண்டி ஓட்டுறவன் வண்டிய ஓட்டு."

"ஓட்டுறேன். எங்க ஓட்டணும்? சுடுகாட்டுக்கா?"

கிழங்கு ஒன்று என் காதோரம் பறந்து சுவரில் பட்டு விழுந்தது. அவள் குறி தப்புகிறவள் இல்லை. வேண்டுமென்றுதான் தள்ளி எறிந்தாள். பிறகு கத்தியைக் கீழே வைத்தாள்.

"நான் போயி, இவதான் அவன் கூடப்பொறந்த அக்கான்னு சொல்லிட்டா, அப்புறம் நான் யாருய்யா?" என்றாள். "அவளுக்கு நான் யாரு?"

ஜன்னல் வழியாக லாதாய் தெரிந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன். "நாளைக்கு அவ என்ன மாமான்னு கூப்பிட்டா நான் செத்தே போயிருவேன். ஆனா அந்தப் பய போயிட்டான்னு வையி. அதுக்கப்புறம் அவ அப்பான்னு கூப்புடுறப்பல்லாம் நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுத் திரும்பிப் பாப்பேன்?"

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள். அதை எறியவில்லை, சீவினாள்.

பட்டியலில் யாரும் அகப்படவில்லை. நாட்கள் போயின. பாதிப் பொருத்தமாக இருந்தாலும் அப்பாவுடையதை ஏற்றிப் பார்க்கலாமா என்று டாக்டர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தாவாகேக்குக் காய்ச்சல் கண்டது. எவ்வளவு அடைத்து வைத்தும் ஏதோ ஒன்று உள்ளே போய்விட்டது. ஒரு நாள் மூச்சுக்கு உதவி தேவைப்பட்டது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவன் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். லெசியேலி எல்லாரையும்விடச் சத்தமாக ஜெபித்தாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. கடவுளிடம் கேட்கிறாளே, கடவுள் ஏற்கெனவே கொடுத்து இவள் பக்கத்தில் உட்காரவைத்திருப்பது இவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன்.

அன்று மத்தியானம் ஹாலோட்டி எங்கள் வாசலுக்கு வந்தான். அக்கா உள்ளே இருந்ததால் படி ஏறவில்லை. கண் சிவந்திருந்தது. கையில் ஒரு பொட்டலம்.

"மச்சான், இத லாதாய்கிட்ட குடுத்துருங்க. சூலியேட்டி குடுத்துவிட்டா."

பிரித்தால் ஒரு பூவேலைப் போர்வை. தாவாகேக்காகச் சூலியேட்டி மாதக்கணக்கில் உட்கார்ந்து தைத்தது. அறைக்குள் விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டதால் வீட்டில் கிடந்தது. எப்போதோ லாதாய் அதைத் தடவிப் பார்த்து, நல்லா இருக்கே என்று சொல்லியிருக்கிறாள்.

"பிள்ளை அங்க அந்த நிலைமையில கெடக்கு. இப்ப என்ன போர்வை?" என்றேன்.

"தெரியல மச்சான். இன்னிக்கே குடுத்துரணும்னு ஒத்தக்கால்ல நின்னா." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனான்.

உள்ளே கொண்டுபோய் மேசையில் வைத்தேன். லெசியேலி அதைப் பார்த்ததும், "அறிவிருக்கா இவளுக்கு?" என்று தொடங்கினாள். தொடங்கியவள் நிறுத்திவிட்டாள். கையால் போர்வையைத் தடவினாள். அவளுக்கும் புரிந்துவிட்டது, எனக்கும் புரிந்துவிட்டது. கேட்க முடியாதவள், இருப்பதையெல்லாம் கொடுத்துப் பார்க்கிறாள். இன்னும் எதைக் கொடுத்தால் இந்த அத்தை மனசு வைப்பாள் என்று தேடித் தேடி, செத்துக்கொண்டிருக்கிற பிள்ளையின் போர்வையைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

என் மனைவி உள்ளறைக்குப் போனாள். பெட்டி திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது நல்ல கவுனுக்கு மேல், இடுப்பில் பழைய பாய் ஒன்றைச் சுற்றிக் கட்டியிருந்தாள். ஓரமெல்லாம் கிழிந்து, நார் தொங்கி, நெஞ்சு வரை ஏறி நின்றது. சாவு வீட்டில் தாழ்ந்தவர்கள் கட்டுகிற பாய். மன்னிப்புக் கேட்கப் போகிறவர்களும் கட்டுவார்கள். அவள் கட்டி நான் பார்த்ததே இல்லை. அவளுக்குக் கட்ட வேண்டிய அவசியம் வந்ததே இல்லை.

"வண்டிய எடு" என்றாள்.

லாதாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம். வார்டு வாசலில் நர்ஸ் தடுத்தாள். பாயில் தூசி இருக்கும், உள்ளே வரக்கூடாது. லெசியேலி சண்டைக்குப் போவாள் என்று நினைத்தேன். "சரிம்மா, அவள வெளிய வரச் சொல்லு" என்றாள். பெற்றோர்கள் காப்பி குடிக்கிற சின்ன அறை ஒன்று பக்கத்தில் இருந்தது. அங்கே போய், நாற்காலிகளை விட்டுவிட்டு, வெறும் தரையில் உட்கார்ந்தாள்.

சூலியேட்டி மேலங்கியைக் கழற்றிக்கொண்டே வந்தவள் வாசலில் நின்றுவிட்டாள். பாயைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள்.

"அண்ணி! எந்திரிங்க! என்ன அண்ணி இது!"

அவள் அண்ணியைவிடத் தாழ உட்கார வேண்டும். தரைக்குக் கீழே இடம் ஏது? சுவரோரம் போய்ச் சுருண்டு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள்.

"நாக்காலியில உக்காரு" என்றாள் லெசியேலி.

"மாட்டேன் அண்ணி."

"உக்காருடீ! சொல்றேன்ல!"

தாழ்ந்துபோக வந்த இடத்திலும் அதிகாரம்தான். சூலியேட்டி பயந்துபோய் எழுந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஹாலோட்டி கதவுக்கு வெளியே சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

"அன்னிக்கு வவாவுல ஒன்கிட்ட நான் கேக்கல" என்றாள் லெசியேலி. "எடுத்தேன். கேக்குறதுன்னா, இல்லைன்னு சொல்ல ஒனக்கு எடம் குடுத்திருக்கணும். குடுக்கல. இப்ப திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். லாதாய் ஒன் வயித்துல பொறந்தவ. ஒன் மகனோட அக்கா. டாக்டர்கிட்ட நீயே போய்ச் சொல்லு."

"குடுத்தத எப்படி அண்ணி நான் திருப்பி வாங்குவேன்? ஊர்ல காறித் துப்புவாங்க."

"ஊரு கெடக்கு."

"அவன் பொழைச்சதுக்கு அப்புறம்... லாதாய் எங்க இருப்பா அண்ணி?"

"அது ஒன் இஷ்டம். நான் வாயத் திறக்க மாட்டேன்."

இதை அவள் என்னிடம் கேட்கவில்லை. அத்தைமார்கள் யாரையும் கேட்பதில்லை. சூலியேட்டி நாற்காலியிலிருந்து சரிந்து இறங்கி லெசியேலியின் கிழிந்த பாயில் முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். என் மனைவி அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். கொஞ்ச நேரம் பொறுத்து, "மூக்கச் சிந்தித் தொடச்சிக்கிட்டு உள்ள போ. சளியோட பிள்ளைகிட்டப் போகாத" என்றாள்.

லாதாயிடம் சொன்னதும் லெசியேலிதான். மறுநாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வரும்போது வண்டியிலேயே, உருளைக்கிழங்கு வறுவலைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள். லாதாய் மென்றுகொண்டே கேட்டாள்.

"நான் அத்தை வயித்துல இருந்தேனா? அப்ப ஒங்க வயித்துல யாரு இருந்தா?"

"யாரும் இல்ல. அதான் ஒன்னத் தூக்கிட்டு வந்தேன்."

"அத்தை அழுதாங்களா?"

லெசியேலி சாலையைப் பார்த்தாள். "நான் திரும்பிப் பாக்கல" என்றாள்.

லாதாய் வீடு வரும்வரை வறுவலை எண்ணெய்க் கையோடு ஒவ்வொன்றாக எனக்கும் ஊட்டினாள். எப்போதும் செய்வதுதான்.

கூடப்பிறந்தவர்களிலும் நாலில் ஒருவருக்குத்தான் முழுசாகப் பொருந்துமாம். கன்னத்தின் உள்ளே பஞ்சால் தடவி எடுத்துப் போனார்கள். பொருந்திவிட்டது என்று டாக்டர் ரோவெனா போனில் சொன்னபோது லெசியேலி போனை என் கையில் திணித்துவிட்டுக் கொல்லைக்குப் போய்விட்டாள்.

லாதாயைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேறொரு டாக்டர் வந்தார். பிள்ளைக்குச் சம்மதமா, யாராவது மிரட்டினார்களா என்று பார்ப்பது அவர்கள் முறை. மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள், முழித்த பிறகு ரெண்டு மூணு நாள் வலிக்கும், வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லலாம் என்றாராம். நம் ஆள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள்.

"அவன் பெரியவனானதும் என் ஸ்கூல் பைய அவன்தான் தூக்கணும். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டார்களாம்.

எடுத்த அன்று நான் இரண்டு மாடிக்கும் நடையாய் நடந்தேன். இவ்வளவு பாடுபட்டது ஒரு சின்னப் பை அளவுதான். அடர் சிவப்பு. தாவாகேயின் நெஞ்சுக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. அவன் பாட்டுக்குத் தூங்கினான். கண்ணாடிக்கு வெளியே நின்ற லெசியேலி, "இவ்வளவுதானா?" என்று என்னிடம் கேட்டாள். லாதாய் மயக்கம் தெளிந்து, இடுப்பு வலிக்கிறது என்று கத்தி, ஐஸ் கிரீம் வந்ததும் நிறுத்தினாள்.

அதற்குப் பிறகுதான் பெரிய காத்திருப்பு. வேர் பிடிக்குமா பிடிக்காதா என்று வாரக்கணக்கில் ரத்தம் எடுத்து எண்ணினார்கள். நடுவில் தோலெல்லாம் தடித்துச் சிவந்து பயமுறுத்தினான். பிறகு மெல்ல மெல்ல எண்ணிக்கை ஏறியது. ஒருநாள் டாக்டர் ரோவெனா எங்கள் எல்லாரையும் உட்காரவைத்துச் சிரித்த முகமாகச் சொன்னார்.

"பிடிச்சிருச்சு. இனிமே இவன் உடம்பக் காவல் காக்குறது லாதாயோட அணுக்கள்தான். அந்த அணுவ எடுத்துச் சோதிச்சா பொம்பளப்பிள்ளைன்னுதான் காட்டும்."

ஹாலோட்டி சிரித்துக்கொண்டே அழுதான். நானும்தான்.

ஆனால் என் வீட்டில் நிம்மதி இல்லை. லெசியேலி சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். வாயைத் திறக்கவில்லை. லாதாய்க்கு முடி வெட்டுவதானால்கூட, "சூலியேட்டிய ஒரு வார்த்த கேட்டுக்க" என்று என்னை அனுப்பினாள். பிள்ளையைத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். திட்டாத லெசியேலியை என்னால் பார்க்கவே முடியவில்லை. விருந்தாளிப் பிள்ளைக்குப் போடுகிற மாதிரி அவளுக்குச் சோறு போட்டாள். சூலியேட்டியும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஆஸ்பத்திரியில் மகனோடு இருந்தாள். நான் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது, வாசலில் லாதாயின் செருப்பு கிடக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டேன்.

மாதங்கள் போய், இனி சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், கூட்டம் மட்டும் வேண்டாம் என்று டாக்டர் அனுமதி கொடுத்த ஞாயிற்றுக்கிழமை, அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஹாலோட்டி வாசலோடு நின்றான். சூலியேட்டி பையனைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். மரியாதையாகப் போகிற இடத்துக்குக் கட்டுகிற புதுப் பாய் கட்டியிருந்தாள். ஏதோ பேசத்தான் வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. லெசியேலி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. பக்கத்தறையில் லாதாய் டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். அவளைக் கூப்பிடப் போகிறார்கள், துணிமணியை எடுத்து வைக்கச் சொல்லப் போகிறார்கள் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

சூலியேட்டி தரையில் உட்கார்ந்து, தாவாகேயை லெசியேலியின் மடியில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்க வந்தேன்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல்லை நாங்கள் யாரும் கேட்டதில்லை.

"கேளு" என்றாள் லெசியேலி.

"நான் பெத்தவன் அந்தக் காய்ச்சலோட போயிருப்பான். இப்ப இருக்கிறவன் ஒங்க மக குடுத்த உசுரு. ஒங்க மகளோட ரத்தம். அப்படின்னா இவன் ஒங்க வீட்டுப் பிள்ளை." அவள் ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுத் தலை நிமிர்ந்து என் மனைவியின் முகத்தை நேராகப் பார்த்தாள். "இவன எனக்குக் குடுங்க அண்ணி. நான் வளத்துக்கிறேன்."

ஒங்க மக என்றாள். இரண்டு தடவை சொன்னாள். நான் சுவரை விட்டேன்.

லெசியேலியின் உதடு கோணியது. பையனை நெஞ்சோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள். கண்ணீர் அவன் தலையில் சொட்டியது. அவன் அவள் மூக்கைப் பிடித்து இழுத்தான். அவள் தடுக்கவில்லை.

"குடுக்கிறேன்டி" என்றாள். "பொழுது சாயுற வரைக்கும் நான் வச்சிருந்துட்டுக் குடுக்கிறேன்." பிறகு பக்கத்தறைப் பக்கம் திரும்பி, தெருவே கேட்கிற மாதிரி கத்தினாள். "ஏ லாதாய்! எருமமாடு! தம்பி வந்திருக்கான், அங்க என்னடி டிவி வேண்டிக் கெடக்கு?"